என் குளிசைகளைப் பார்த்தவர்கள்

எனக்கு என்ன நடந்தது என்பதற்கு உடுப்பிட்டியில் இப்போது மூன்று கதைகள் உலவுகின்றன. எனக்குப் பாரிசவாதம் வந்து வாய் கோணிவிட்டது என்பது முதலாவது. நான் எதையோ குடித்துவிட்டேன் என்பது இரண்டாவது. எனக்கு மூளை பிசகி விசர் பிடித்திருக்கிறது, அதை என் வீட்டுக்காரர் பதினொரு வருடமாக மூடி மறைத்தார் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால் நானே எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து மாதமாகிறது. கைநடுக்கம் நின்றுவிட்டது. பேனை பிடிக்க முடிகிறது.

ஆஸ்பத்திரிகளின் பெயர்களை எழுதப்போவதில்லை. டொக்டர்மாரின் பெயர்களையும் எழுதமாட்டேன். ஒருவருடைய பெயர் அவர் அறியாமல் ஊர் சுற்றினால் எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ஆசிரியை. வயது ஐம்பத்திரண்டு. வீட்டுக்காரர் சிவநேசன் வெங்காயத் தோட்டம் செய்பவர். ஒரே மகள் கொழும்பில் படிக்கிறாள்.

பதினொரு வருடங்களுக்கு முன் மூன்று கிழமைகள், இருபத்தொரு இரவுகள், நான் நித்திரை கொள்ளவில்லை. களைப்பும் இல்லை. சொல்லப்போனால் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததேயில்லை. சனி ஞாயிறு பாடசாலைக்குப் போய் ஆய்வுகூடத்துக்குத் தனி ஆளாக வெள்ளையடித்தேன். பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று கல்வி அமைச்சுக்கு நாற்பது பக்கக் கடிதம் எழுதினேன். பிறகு ஒருநாள் எல்லாம் அணைந்துபோயிற்று. படுக்கையிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்கு ஒரு மணித்தியாலம் யோசிக்க வேண்டியிருந்தது. சிவநேசன் பாடசாலைக்குப் போய் நெருப்புக்காய்ச்சல் என்று சொல்லி விடுப்புக் கேட்டார். அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.

இருமுனை மனநோய் என்றார் டொக்டர். மனம் ஒரு பக்கம் அளவுக்கு மிஞ்சி ஏறும், பிறகு மறுபக்கம் அடிமட்டத்துக்கு இறங்கும், இரண்டும் ஒரே வருத்தம் என்று விளக்கினார். இலிதியம் என்ற குளிசையை எழுதித் தந்தார். ஆவர்த்தன அட்டவணையில் மூன்றாவதாக நிற்கும் அதே மூலகம்தான். அதைப் பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவளுக்கு அன்றுதான் அது மருந்தென்று தெரிந்தது. இரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் நஞ்சு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்க வேண்டும்.

"ஒருநாளும் தவறவிடக்கூடாது" என்று டொக்டர் சிவநேசனைப் பார்த்துச் சொன்னார். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கிளினிக் வலிகாமத்துப் பக்கம் இருந்தது. நெல்லியடிக்குப் போய், யாழ்ப்பாண பஸ் எடுத்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வேண்டுமென்றுதான் அவ்வளவு தூரத்தைத் தெரிவு செய்தேன். வீட்டுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் சிவநேசனின் தங்கை சுகந்தி வேலை செய்கிறாள். அவளுக்கு ஊரில் யாருக்குச் சீனி, யாருக்குப் பிரசர், யாருக்கு வெளியில் சொல்ல முடியாத வருத்தம் என்பதெல்லாம் தெரியும். ஒருநாளும் அவள் இன்னொருவருடைய வருத்தத்தைப் பற்றி என்னிடம் கதைத்ததில்லை. அதை நான் நல்ல குணமாக எடுக்கவில்லை. என்னிடம் சொல்லவில்லையென்றால் வேறு யாரிடமோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே மருந்துகளை எழுதிவைக்கும் கிளினிக் கொப்பிகள் என்னிடம் இரண்டு இருந்தன. கிட்டிய ஆஸ்பத்திரியினுடையது வீட்டு மேசையில் எல்லோரும் பார்க்கக் கிடந்தது. மற்றது அலுமாரியில் என் கூறைச் சேலைக்குக் கீழே இருந்தது.

போன வருடம் தூரத்துக் கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் வந்திருந்தார். மேசையில் கணினி இருந்தது.

"இனிக் கொப்பி தேவையில்லை ரீச்சர். உங்களுக்கு ஒரு இலக்கம் தருவம். நீங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த இலக்கத்தை அடிச்சா, என்னென்ன குளிசை போடுறியள் எண்டு அவைக்குத் தெரியும்."

"அவை எண்டா ஆர்?"

"டொக்டர்மார், மிஸிமார், மருந்து குடுக்கிறவை..."

டொக்டர்மாரும் தாதிமாரும் பரவாயில்லை. மருந்து கொடுப்பவர்கள் என்றதும் எனக்குச் சுகந்தியின் முகம்தான் வந்தது. அவள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு என் இலக்கத்தை அடிப்பதைக் கண்ணால் கண்டதுபோல இருந்தது.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏன் ரீச்சர்? உங்கடை நன்மைக்குத்தானே."

என் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டு பெயர் எழுத வந்தவர்களை நான் சிறுவயதிலிருந்து கண்டிருக்கிறேன். வீட்டில் எத்தனை பேர், யார் யார், என்ன வயது என்று குடும்பப் படத்தோடு பதிந்து கொடுத்த யுத்த காலத்தில் வளர்ந்தவள் நான். எழுதிக்கொண்டு போன தாள் யார் மேசையில் போய்ச் சேர்ந்தது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இதையெல்லாம் அந்தப் பொடியனுக்கு விளங்கப்படுத்த முடியுமா? வேண்டாம் என்று மட்டும் திரும்பவும் சொன்னேன்.

அவர் தர்க்கம் பண்ணவில்லை. மனநலக் கிளினிக் பதிவை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்துவைக்க ஒரு வழி இருக்கிறது என்றார். ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் உண்மையிலேயே மறைத்தாரா, மறைத்ததாகச் சொல்லி அனுப்பினாரா என்று அச்சுவேலி வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு வந்தது பங்குனி வெயில். ஒரு நாள் தலையிடி தாங்காமல் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசர் கூடிவிட்டது என்றார்கள். அங்கேயும் கணினி வந்துவிட்டிருந்தது. டொக்டர் பெண்பிள்ளை என் பெயரை அடித்தபோது அவருடைய கண்ணாடியில் திரையின் வெளிச்சம் தெரிந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்க முடியுமா என்று எட்டிப் பார்த்தேன்.

"வேறை ஏதும் மருந்து எடுக்கிறியளோ அம்மா?"

"இல்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

"இல்லையெண்டுதானே சொல்லுறன்."

திரையும் இல்லையென்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் இரண்டு குளிசை எழுதித் தந்தார். ஒன்று இரத்தக்குழாயைத் தளர்த்துவது, மற்றது சிறுநீரைக் கூட்டி உடம்பிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றுவது. சுகந்திதான் உறையில் எண்ணிப் போட்டாள்.

"வடிவாத் தண்ணி குடியுங்கோ மச்சாள், வெயில் நெருப்பா எரிக்குது" என்றாள்.

நான் படிப்பித்த பாடம்தான் எனக்குப் பிடிபடாமல் போயிற்று. இலிதியமும் சோடியமும் ஒரே கூட்டத்து மூலகங்கள். சிறுநீரகத்துக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. குளிசை உப்பை வெளியேற்ற, வெயில் வியர்வையாக இன்னும் கொஞ்சத்தை எடுக்க, சிறுநீரகம் உப்புப் போகிறதே என்று பயந்து கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்து வைக்கத் தொடங்கும். அப்படிப் பிடித்து வைத்தது இலிதியத்தை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அது என் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. தூரத்துக் கிளினிக்குக்குப் போக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பிரசர் குளிசை தொடங்கியதை அங்கே அறிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு பக்கத்துக்குத் தெரிந்ததை மறுபக்கத்துக்குத் தெரியாமல் வைப்பது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

மூன்றாம் கிழமை கை நடுங்கத் தொடங்கியது. கூடவே வயிற்றோட்டம், பிறகு சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாடு கீழே கீழே சரிந்துகொண்டு போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பி ஏசுவதற்கு வாயைத் திறந்தேன், நாக்கு தடித்து வார்த்தை குழறி வந்தது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. முன்வாங்கில் இருந்த பிள்ளை எழுந்து ஓடிவந்ததும் மேசை விளிம்பை நான் பிடித்ததும் நினைவிருக்கிறது. அதன்பிறகு நான்கு நாட்கள் துண்டு துண்டாகத்தான் மனதில் நிற்கின்றன. மிச்சத்தைச் சிவநேசனிடமும் சுகந்தியிடமும் கேட்டு எழுதுகிறேன்.

கிட்டிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வெளியே வாங்கில் இரண்டு மணித்தியாலம் காத்திருக்கும்போது சிவநேசன் என் தலையைத் தன் தோளில் சாய்த்து, வாயில் வடிந்ததைத் தோட்டத்தில் உடுத்தபடி வந்த சாரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாராம். பாரிசவாதமாக இருக்கலாம் என்று மூளையை ஸ்கான் எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. டெங்குக்குச் சோதித்தார்கள். அதுவுமில்லை. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி தொற்றியிருக்கலாம், முதுகெலும்புக்குள் ஊசி ஏற்றி நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பெரிய டொக்டர் சிவநேசனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வேறை ஏதும் வருத்தம், வேறை ஏதும் மருந்து? யோசிச்சுச் சொல்லுங்கோ. கொம்பியூட்டரிலை பிரசர் குளிசை மட்டும்தான் இருக்கு."

கட்டிலின் மறுபக்கம் சுகந்தி நின்றிருந்தாள். பதினொரு வருடங்களுக்கு முன் நான் அவரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். நான் செத்தாலும் உங்கடை தங்கச்சிக்குத் தெரியக்கூடாது என்று சொல்லித்தான் வாங்கினேன்.

"வேறை ஒண்டும் இல்லை" என்றார் சிவநேசன்.

அந்தக் குரல் எனக்குக் கேட்டது. மங்கலாக, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்டது. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒருநாளும் தவறவிடக்கூடாது என்று டொக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை. பழைய வருத்தம் திரும்பி வந்துவிடும் என்ற பயம் வேறு. அதனால் நோயாளரைப் பார்க்கவிடும் நேரத்தில் ஒவ்வொரு நாள் பின்னேரமும் வந்து, கதலி வாழைப்பழத்தை நகத்தால் கீறி, அதற்குள் என் இலிதியக் குளிசையை வைத்து ஊட்டிவிட்டார். நான் விழுங்க மாட்டாமல் இருமினால் முதுகைத் தடவிக்கொடுத்துப் பொறுமையாகத் திரும்ப ஊட்டினார். காலையில் சேலைன் ஏறி எனக்குக் கொஞ்சம் தெளிவு வரும். பின்னேரம் அந்த மனுசன் அன்போடு வந்து நஞ்சைக் கூட்டிவிட்டுப் போவார். டொக்டர்மாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான்காம் நாள் சுகந்தி வழக்கத்தைவிட முந்தி வேலை முடித்து வாட்டுக்கு வந்தாள். வாழைப்பழத்தின் கீறலுக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்ததாம்.

"அண்ணை, உது என்ன?"

"விற்றமின்."

"காட்டுங்கோ."

"விற்றமின் எண்டு சொல்லுறனெல்லோ!"

அவள் பழத்தைப் பறித்துப் பிசைந்து குளிசையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணை, இருபது வருசமாக் குளிசை எண்ணிக் குடுக்கிறன். எனக்கு விற்றமின் தெரியாதோ? இது ஆர் குடுத்தது? எத்தினை நாளாக் குடுக்கிறியள்?"

சிவநேசன் வாட்டின் நடுவில் நின்று அழுதாராம். அவர் அழுது நான் ஒருமுறையும் கண்டதில்லை. சுகந்தி குளிசையைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு டொக்டரின் அறைக்கு ஓடினாள். முதுகில் ஊசி ஏற்றுவதற்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்த மிஸியை அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். பெரிய டொக்டர் தூரத்துக் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். அவசரம் என்று சொல்லி, மறைத்துவைத்திருந்த என் பதிவைத் திறக்கச் செய்தார். இரத்தத்தில் ஒன்றுக்குள் நிற்க வேண்டிய அளவு மூன்றைத் தாண்டியிருந்தது.

அன்றே அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்தம் சுத்திகரித்தார்கள். கழுத்து இரத்தநாளத்தில் ஒரு குழாய் போடுவார்கள். அதன்வழியாக இரத்தம் வெளியே போய், ஓர் இயந்திரத்தினுள் வடிகட்டப்பட்டு, திரும்ப உடம்புக்கு வரும். நோகாது. ஆனால் குளிரும். சொந்த இரத்தம் வெளியே போய்க் குளிர்ந்து திரும்புகிற குளிர் அது. இரண்டு தரம் செய்தார்கள். முதல் தரம் முடிந்தபோது பக்கத்துக் கட்டில் அம்மா தன் மகளோடு கதைத்த ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. இரண்டாம் தரம் முடிந்தபோது என் பெயரைத் தடக்குப்படாமல் சொன்னேன்.

சிவநேசன் கட்டிலுக்கருகில் நின்றுகொண்டு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

"நான்தான் உம்மைக் கொல்லப் பாத்தனான்" என்றார்.

"நான் சொன்னதைத்தானே செய்தியள்" என்றேன். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் எனக்குச் சாப்பாடு தரும்போதெல்லாம் கோப்பையை முதலில் மிஸியிடம் காட்டிவிட்டுத் தந்தார். சோற்றையும் காட்டினார், வெறும் தண்ணீரையும் காட்டினார். மிஸி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினேழாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இலிதியத்தை நிறுத்தி வேறு குளிசை தந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து நெல்லியடிச் சந்தையில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் என்னை மறித்தார்.

"ரீச்சர், இலிதியம் போடுறவை வெயிலுக்கை திரியக்கூடாதாம், என்ன? நீங்கள் இரவிலை ரெண்டு போட்டனீங்களாம்."

ஊரில் விசர்க்கதை வருமென்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் குளிசையின் பெயரும் எண்ணிக்கையும் கதையில் வரவே கூடாது. அது பதிவைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு நேராகச் சுகந்தி வீட்டுக்குப் போனேன்.

"ஆருக்குச் சொன்னீர்?"

"என்னத்தை மச்சாள்?"

"எனக்கு விசர் எண்டு. என்ன குளிசை, எத்தினை எண்டு. வேறை ஆருக்குத் தெரியும் அது?"

அவள் முகம் கறுத்துப் போயிற்று. "நான் வாய் திறந்தது ஒருக்கா. அதுவும் டொக்டரிட்டை. திறக்காட்டி இண்டைக்கு நீங்கள் இஞ்சை வந்து நிண்டு கத்தமாட்டியள்."

"அந்த நன்றிக்காக நீர் ஊரெல்லாம் பறையலாமோ?"

"போங்கோ மச்சாள். கோபம் ஆறினாப் பேந்து வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நான் நம்பவில்லை. அந்தக் கிழமையே மூன்று பிள்ளைகளின் பெற்றோர் அவர்களை என் பாடத்துக்கு விடாமல் நல்லூரில் ஒரு ரியூசனுக்கு மாற்றிவிட்டார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஓய்வா இருங்கோவன் ரீச்சர்" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதை என்னைச் சுட்டது.

கணினியில் ஒருவர் ஒரு பதிவைத் திறந்தால் அவருடைய பெயரும் நேரமும் எங்கேயோ எழுதப்படும் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். என் பதிவை யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டுக் கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, அப்படியொரு வசதி இல்லை என்று பதில் வந்தது. மூன்றாவதைப் பதிவுத்தபாலில் அனுப்பினேன். அதில் சுகந்தியின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் பார்த்த நாள்களைத் தரும்படி கேட்டேன். ஆம், அப்படியும் எழுதினேன்.

பணிப்பாளர் கூப்பிட்டார். தலை நரைத்த மனிதர். மேசையில் ஒரு தாள் இருந்தது.

"பதினாலு பேர் பாத்திருக்கினம். நீங்கள் கேட்ட பெயர் இதிலை இல்லை."

"வடிவாப் பாருங்கோ."

"மூண்டு தரம் பாத்தனான் அம்மா. அந்தப் பிள்ளை உங்கடை பதிவை ஒருநாளும் திறக்கேல்லை. பிரசர் குளிசை கூட டொக்டர் எழுதின துண்டைப் பாத்துத்தான் தந்திருக்கிறா."

தாளை வாங்கி நானே வாசித்தேன். பன்னிரண்டு பேர் என்னைக் கவனித்த டொக்டர்மாரும் மிஸிமாரும். அவர்கள் பார்க்கத்தான் வேண்டும். ஒருவர் இரத்தப் பரிசோதனைக்காரர். பதினாலாவது பெயர், நான் காலடியே வைக்காத இன்னோர் ஆஸ்பத்திரியின் எழுதுவினைஞர். மூன்று நாட்களில் மூன்று முறை திறந்திருந்தார். அவசரத்துக்குத் திறந்த என் பதிவை அவசரம் முடிந்ததும் யாரும் திரும்ப மூடவில்லை. நான் இயந்திரத்தின் அருகில் படுத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது அது எல்லாத் திரைகளிலும் திறந்தே கிடந்திருக்கிறது. பெயரை இரண்டாம் தரம் வாசித்தபோது யாரென்று விளங்கியது. ரியூசனுக்கு மாறிப்போன பிள்ளைகளில் ஒன்றின் தகப்பன்.

விசாரித்தார்கள். அவருக்குக் கணினி தொடும் அனுமதியை எடுத்துவிட்டு வேறு பகுதிக்கு மாற்றினார்கள். ஒரு நாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிள்ளையின்ரை படிப்பு ரீச்சர். படிப்பிக்கிறவை ஆரெண்டு தெரியவேணுமெல்லோ. நீங்கள் எண்டாலும் அப்பிடித்தான் பாத்திருப்பியள்."

"பதினொரு வருசத்திலை நான் எத்தினை நாள் பாடம் எடுக்காமல் விட்டனான் எண்டு உங்கடை மெசினிலை இருந்ததோ?"

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். நானென்றாலும் பார்த்திருப்பேன் என்று அவர் சொன்னது என்னைக் கொஞ்ச நாள் விடவில்லை. சுகந்தியைப் பற்றிய ஒரு பதிவு என் கைக்கெட்டும் திரையில் இருந்திருந்தால், நான் பார்க்காமல் விட்டிருப்பேனா?

சுகந்தி வீட்டுக்குப் போக மூன்று நாள் எடுத்தது. அவள் பின்வளவில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மிளகாயைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"நீர் ஏன் பாக்கேல்லை?" என்று கேட்டேன். "உமக்கு முன்னாலைதானே கிடந்தது. ஒரு இலக்கத்தை அடிச்சா முடிஞ்சுது."

"அடிச்சிருக்கலாம். குளிசையைக் கண்ட அண்டைக்கே கை போனதுதான்." அவள் நிமிர்ந்தாள். "அண்ணை அழுததைப் பாத்தன் மச்சாள். பதினொரு வருசம் என்னட்டை இருந்து ஒளிச்சிருக்கிறியள். அதுக்கு ஏதோ காரணம் இருக்கும். அதைக் கொம்பியூட்டரிலை பாத்து நான் என்னத்தை அறியிறது?"

அவள் கையைத் துடைத்துவிட்டு ஒரு சாக்கை விரித்தாள்.

"இப்ப இருந்து சொல்லுங்கோ. சொல்ல விருப்பமெண்டா."

சொன்னேன். வெள்ளையடித்த ஆய்வுகூடத்திலிருந்து தொடங்கினேன். நாற்பது பக்கக் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அதைப் பற்றி ஒருவர் சிரிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி நான் நினைத்திருந்தவற்றையும் சொன்னேன். அப்போது அவள் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த கிழமை தூரத்துக் கிளினிக்குக்குப் போனேன். இந்த முறை சுகந்தியும் கூட வந்தாள். பழைய இளம் டொக்டர்தான் இருந்தார். நடந்ததற்கு அவரும் வருந்தினார்.

"திரும்ப மறைச்சு விடட்டோ ரீச்சர்?"

மறைத்ததால் சாகப் பார்த்தேன். திறந்ததால் ஊர் வாயில் விழுந்தேன். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கணினி நல்லது என்று சொல்பவர்களும் கூடாது என்று சொல்பவர்களும் என்னைவிட நிச்சயமாகப் பேசுகிறார்கள். நான் கடைசியில், குளிசைகளின் பட்டியல் எல்லா டொக்டர்மாருக்கும் தெரியட்டும், நான் என்ன கதைத்தேன் என்று எழுதிய குறிப்புகள் மூடியிருக்கட்டும் என்றேன். யார் யார் பார்த்தார்கள் என்ற தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் கையில் தரவேண்டும் என்றும் சொன்னேன்.

"அப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லை ரீச்சர்."

"நான் கேக்கிறன்."

சுகந்தி கதிரையை இழுத்து முன்னால் வந்தாள். "நானும் கேக்கிறன் டொக்டர். என்ரை பதிவுக்கும் எடுத்துத் தாங்கோ" என்றாள்.

இப்போது திரும்பவும் பாடசாலைக்குப் போய் வருகிறேன். போன மூன்று பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. முதலாவது தாள் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. நான்கு பெயர்கள் இருந்தன. மூன்று பேரை எனக்குத் தெரியும், அவர்கள் பார்க்க வேண்டியவர்கள். நான்காவது பெயர் யாருடையது என்று எனக்கும் தெரியவில்லை, சுகந்திக்கும் தெரியவில்லை. புதிதாக வந்த டொக்டராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். திங்கட்கிழமை அவளுக்கு லீவு. இரண்டு பேரும் காலை முதல் பஸ்ஸில் போய்க் கேட்கப்போகிறோம்.